இடது முன்சக்கரத்தில் ஒழுகிய ஆயில்

வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத் தென்னந்தோப்பில் ஆவுடையம்மாள் தனியாக இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். மகன் சுப்புராஜ் பட்டாளத்தில். தொண்ணூற்றொன்றில் லீவுக்கு வந்தவன், தென்னை வரிசைகளுக்குள் நுழைகிற மாதிரி ஒரு சின்ன டிராக்டரை வாங்கி, அவளுக்கும் ஓட்டப் பழக்கிவிட்டுப் போனான். பொம்பளை டிராக்டர் ஓட்டுவதை ஊர் நாலு நாள் வேடிக்கை பார்த்தது. பிறகு அதுவும் ஓய்ந்துபோனது.

மாசி மாதம் ஒருநாள், இடது முன்சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்திருந்தது. முன்சக்கரமும் இழுக்கிற வண்டி. முன் ஆக்சிலுக்குள் ஆயில் நின்றால்தான் பல்சக்கரம் தேயாது. ராஜபாளையத்திலிருந்து மெக்கானிக் ஞானதுரையை வரச் சொன்னாள். அவர் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். ஆயிலை நிறுத்துகிற ரப்பர் சீலின் விளிம்பு கிழிந்திருந்தது. புதுசு மாட்டினார்.

வேலை முடிகிற வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை. மனைவி ஞானபாக்கியம் இருந்த காலத்தில் வீட்டில் மீன் குழம்பு மணந்தது, மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தது என்று சக்கரத்துக்கு அடியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஆவுடையம்மாள் ஸ்பானரை எடுத்துக்கொடுத்தபடி கேட்டாள். அன்றைக்கு அவளும் நிறையப் பேசினாள். அவர் போன பிறகு தொண்டை லேசாகக் கட்டியிருந்தது.

பங்குனியில் மறுபடி ஒழுகியது. ஞானதுரை வந்து, சீல் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வேறு சீல் போட்டார். அதுவும் நிற்கவில்லை.

மூன்றாம் தடவை வந்தபோது அவர் உடனே சக்கரத்தைக் கழற்றவில்லை. எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

“எப்பத் தாயி ஒழுகுது?”

“காலையில காஞ்சுதான் கெடக்கு அண்ணாச்சி. வெயில்ல செத்த நேரம் உழுதா, பொறவுதான் வருது.”

“அப்படியா!” என்று எழுந்தவர், ஆக்சிலின் மேல்பக்கத்தை விரலால் துழாவினார். அங்கே காற்றுப் போகிற சின்னக் குழாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. காலையில் உழுத சூடு இன்னும் ஆறவில்லை. கம்பியால் குத்தியதும் உஸ்ஸென்று காற்று வந்தது.

“பாரு தாயி. சூட்டுல உள்ள இருக்க காத்து பெருசாகுது. வெளிய போக வழியில்லாம ஆயிலைத் தள்ளுது. நான் கூறுகெட்டவன், ரப்பர் சீலையே மாத்திக்கிட்டு இருந்திருக்கேன்.”

அவள் சிரித்துவிட்டாள். அவர் சக்கரத்தைக் கழற்றி, புது சீல் ஒன்றையும் மாட்டிக் கையைத் துடைத்தார்.

“இனி ஒழுகாது. மண்ணு அடைச்சா நீயே குத்தி விட்டுக்கோ. என்னையத் தேட வேண்டியதில்ல.”

சந்தோஷப்பட வேண்டிய பேச்சுதானே என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவர் பஸ்ஸுக்கு நேரமாச்சென்று அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு வண்டி சொட்டுக்கூட ஒழுகவில்லை. தினமும் உழுது முடித்ததும் சக்கரத்தின் உள்பக்கம் விரலை விட்டுப் பார்ப்பாள். காய்ந்த புழுதிதான் ஒட்டும்.

வைகாசியில் உரம் வாங்க ராஜபாளையம் போனவள், தோப்பின் ஓரத்து மாமரத்துப் பழத்தைப் பையில் எடுத்துக்கொண்டு ஞானதுரையின் பட்டறைக்கும் போனாள். அங்கே நாலைந்து பேர் வண்டியோடு காத்திருந்தார்கள். அவர் ஒரு டிராக்டருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

“வா தாயி! ஒழுகுதா?”

லேசாக ஒழுகுது என்று சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பொய் சொல்லி அந்த மனுஷனை அம்புட்டுத் தூரம் அலையவைக்க மனசு ஒப்பவில்லை.

“இல்ல அண்ணாச்சி. நல்லாருக்கு.”

“அப்ப சரி! செத்த உக்காரு. இதை முடிச்சிட்டு வாரேன். டீ சொல்லுதேன்.”

“இல்ல, பஸ்ஸு போயிரும்” என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. பழத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த பஸ் பத்து நிமிஷத்தில் இருந்தது. உட்கார்ந்திருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அங்கே பஸ் மாற இறங்கி, பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு டீ சொன்னாள். கிளாஸை நீட்டிய கடைக்காரரிடம், “எங்க தோப்புல இந்த வருஷம் மாங்கா நல்லா காய்ச்சிருக்கு” என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

வத்திராயிருப்பு பஸ் ஸ்டார்ட் ஆனது. பாதி டீயை வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறினாள்.