ஐந்து கோல் வாங்கிய பின்வரிசை

அந்த வருஷத்து மழைக்காலக் கால்பந்து லீக்கில் எல்லா அணிகளும் கோல் போட்டன, எல்லா அணிகளும் கோல் வாங்கின. முந்தின வருஷம் குர்லாவிலிருந்து வந்த ஒரு ஒர்க்‌ஷாப் அணி, தற்காப்பு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு ஓட ஓட அடித்துக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு போனதில் வந்த வினை அது. அதன் பிறகு எந்த அணிக்கும் பின்னால் நிற்கப் பொறுமை இல்லை. நாலுக்கு மூன்று, ஆறுக்கு நான்கு என்றுதான் ஆட்டங்கள் முடிந்தன. செம்பூர் மைதானத்தைச் சுற்றிக் குடை பிடித்து நின்ற ஜனங்களுக்குக் கொண்டாட்டம். ஒரு கோலோடு முடிந்த ஆட்டத்தை ஆட்டம் என்று சொல்லவே அவர்களுக்கு மனசு வரவில்லை.

விக்ரோலியில் தகர டப்பா செய்யும் கம்பெனியின் அணி, லீக்கின் கடைசி ஆட்டத்தில் நாலு கோல் போட்டு ஐந்து வாங்கித் தோற்றது. மறுநாள் காலையில் நலத்துறை அதிகாரி சங்கரன், ஜகந்நாதனைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

ஜகந்நாதன் கணக்குப் பிரிவில் சீனியர் குமாஸ்தா. மாதுங்காவாசி. கல்லூரி நாளில் கோல் காத்தவர் என்பதால் அணியின் தேர்வுக் குழுவில் அவர் பெயரையும் போட்டு வைத்திருந்தார்கள். குழுவில் மற்ற இருவர் சங்கரனும், சங்கரன் சொன்னதற்குத் தலையாட்டும் ஒரு ஃபோர்மனும்.

"உக்காரும் ஓய்" என்றார் சங்கரன். "பின்னாடி நிக்கற மூணு பேரையும் மாத்திடலாம்னு தோண்றது. நீர் என்ன சொல்றீர்?"

"மூணு பேரையுமா?"

"பின்னே? மாட்ச்சுக்கு மூணு கோல் விட்டா, முன்னாடி இருக்கறவன் எத்தனைதான் போடுவான்? அதுலயும் நடுவுல நிக்கற அந்த ஸ்டாப்பர் கணேசபாண்டியன் இருக்கானே, அவனுக்குக் காலே நகரலை. ஹைதராபாத்லேர்ந்து பசங்க வரத் தயாரா இருக்கா. கப் மாட்ச் ஒண்ணு பாக்கி இருக்கு. அதைப் பார்த்துட்டு உம்ம அபிப்பிராயத்தைச் சொல்லும். கோல்ல நின்னவர் நீர். நீர் சொன்னா மேலிடத்துல எடுபடும்."

ஜகந்நாதன் சரி என்று எழுந்து வந்தார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. காலையில் மாதுங்காவில் தொற்றி ஏறும் ரயிலும், நாள் முழுக்க எண்களும், சாயங்காலம் மறுபடி ரயிலுமாக அவர் களைத்திருந்தார். இதில் இன்னொருவனின் காலை அளந்து தீர்ப்புச் சொல்லும் வேலை வேறு. அணியில் இருக்கிறவர்களுக்கு எப்போதும் பகல் ஷிஃப்ட். அணியிலிருந்து எடுத்துவிட்டால் தகரம் வெட்டும் பிரஸ் ஷாப்பில் எல்லாரையும் போல வாரம் மாற்றி வாரம் இரவு ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டும். அதை நினைத்தபோது அவருக்கு மேலும் அலுப்பாக இருந்தது.

கோப்பை ஆட்டத்தன்று விடாத மழை. சங்கரனும் மற்ற அதிகாரிகளும் ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஜகந்நாதனுக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அவர் அதில் உட்காராமல் குடையோடு போய்த் தங்கள் அணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். பின்வரிசை எப்படி ஆடுகிறது என்பது பக்கவாட்டிலிருந்து தெரியாது. பந்து இருக்கும் இடத்துக்கே கண் போய்விடும்.

அவர் பந்தைப் பார்க்காமல் கணேசபாண்டியனையே பார்த்தார். முப்பத்துநாலு வயது, கட்டையான உடம்பு, கருத்த முகம். பின்வரிசையில் அவனுக்கு இரு பக்கமும் நின்ற பேக்குகள் இருபதைத் தாண்டாத பிள்ளைகள். அவன் அவர்களிடம் பேசிக்கொண்டே இருந்தான். "விடுலே, அவன் போவட்டும். நீ உள்ள வா. உள்ள வாலே."

அவனுக்கு முன்னால், நடு மைதானத்தில் வலது ஹாஃபாக நிற்க வேண்டியவன் கரீம் பாட்சா. அவன்தான் அந்த மைதானத்தின் செல்லப்பிள்ளை. ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஃபார்வர்டுகளோடு அவனும் பாய்ந்து போனான். அன்றைக்கு இரண்டு கோல் போட்டான். ஜனங்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஆனால் பந்து பறிபோன ஒவ்வொரு முறையும் அவன் விட்டுப்போன பாதி மைதானம் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமை வழியாக எதிரணியின் மூன்று பேர் சேர்ந்து ஓடி வந்தார்கள். எதிரே கணேசபாண்டியன் ஒருவன்.

அவன் பாய்ந்து போய்த் தடுக்கவில்லை. பாய்ந்திருந்தால் ஒருவனைத் தடுத்திருப்பான், மற்ற இருவரும் கோலுக்குப் போயிருப்பார்கள். அவன் நண்டு போலப் பக்கவாட்டில் பின்வாங்கிப் பின்வாங்கி, பந்து வைத்திருப்பவனைக் கொடி நட்டிருக்கும் மூலைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். அங்கேதான் சேறு அதிகம். பந்து அதில் சிக்கி நின்றதும் காலை நீட்டி வெளியே தட்டினான். யாரும் கை தட்டவில்லை. தட்டுவதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் போனதைக் கூட்டத்தில் பார்த்தவர் ஜகந்நாதன் ஒருவர்தான்.

இரண்டாம் பாதியில் அவர் இன்னொன்றையும் பார்த்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கணேசபாண்டியன் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றான். ஒருமுறை சாதாரணமாக உருண்டு வந்த பந்து. இரண்டடி நகர்ந்தால் போதும். அவன் நகரவில்லை. அது கோலாயிற்று. கம்பெனி அணி மூன்றுக்கு நாலு என்று தோற்றது.

நனைந்த உடம்போடு வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, அவர் அதையே யோசித்தார். தெரு முழுக்க முழங்கால் தண்ணீர் நிற்கிற நாளில் ஒரு வீட்டுக்காரனை மட்டும் கூப்பிட்டு உன் வாசல் ஏன் நனைந்தது என்று கேட்பது என்ன நியாயம்? எத்தனை கோல் விட்டார்கள் என்று கேட்டால் பதில் மோசமாகத்தான் வரும். இந்த வருஷம் யாரைக் கேட்டாலும் மோசமாகத்தான் வரும். விட்ட கோலில் எதைத் தடுத்திருக்க முடியும் என்று கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை குழு கூடியது. ஜகந்நாதன் தணிந்த குரலில் பேசினார்.

"அந்தக் குர்லா டீம் இந்த வருஷம் எல்லாருக்கும் ஆறு, ஏழு போட்டிருக்கு. நமக்கு நாலு. அந்த மாட்ச்சுல முன்னாடி ஆடினவாதான் எல்லார் ஞாபகத்துலயும் இருக்கா. நான் பார்த்த வரைக்கும், எதிராளி மூணு பேர் வரச்சே நம்ம பக்கத்துல ஒருத்தன் நிக்கறான். அதுல பத்துக்கு மூணு கோலாறது. வேற யாரை நிறுத்தினாலும் குறைஞ்சது அஞ்சு ஆகும். நேத்திக்கு ஒரு கோல் பாண்டியன் தப்பு. மத்ததெல்லாம் இல்லை."

"அப்போ யார் தப்புங்கறீர்?"

"தப்புன்னு இல்லை. நாம முன்னாடி போறோம், பின்னாடி திறந்து கெடக்கு. பேக்குகளை மாத்தினா அது மூடிக்காது."

சங்கரனுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். ஃபோர்மன் அவர் முகத்தையே பார்த்தான். கடைசியில், "சரி ஓய், உம்ம பேச்சுக்கு ஒரு வருஷம் வச்சுக்கலாம்" என்றார். ஃபோர்மன் தலையாட்டினான்.

செய்தியைத் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று ஜகந்நாதனுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவிக்கு நடந்தே போனார். சந்துக்குள் சந்தாகப் போய், தோல் காயப்போட்டிருந்த ஒரு முற்றத்தைத் தாண்டி, தகரக்கூரை வீட்டைக் கண்டுபிடித்தார். கணேசபாண்டியன் ஒரு வாளி வெந்நீரில் இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"இரு, இரு. எழுந்துக்காதே" என்று அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். மூன்று பேரையும் அணியிலிருந்து எடுப்பதாக இருந்தது என்றும், தான் பேசியதையும், அடுத்த வருஷமும் அவர்களே நிற்பார்கள் என்பதையும் சொன்னார்.

கணேசபாண்டியன் வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லது சார்வாள்" என்றான்.

அவன் மனைவி பேராச்சி டீ டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். அவள் நகரவில்லை. "நீங்க கோவிச்சுக்கப்படாது" என்றாள். "நீங்க பேசாம விட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

"ஏ, சும்மா இருக்கமாட்டியா நீ" என்றான் கணேசபாண்டியன்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? ராவெல்லாம் கால் வலின்னு பொரளுதது நீங்களா இவுகளா?" அவள் ஜகந்நாதனிடம் திரும்பினாள். "ரெண்டு மாசமா எப்பம் டீமை விட்டு எடுப்பாவன்னு பாத்துக்கிட்டு இருக்காவ. இந்த வருசம் கண்டிப்பா எடுத்துருவாவன்னு சொன்னாவ."

ஜகந்நாதன் அவனைப் பார்த்தார். "நிஜமா?"

அவன் கால்களை வெளியே எடுத்துத் துண்டால் மெதுவாகத் துடைத்தான். "பத்து வருசமா நிக்கேன் சார்வாள். இப்பம் முடியல. முன்னெல்லாம் ஒரு மாட்ச்சுல நாலு தரம், அஞ்சு தரம் வருவான். இப்பம் வந்துக்கிட்டே இருக்கான். ஒருத்தன போக்கிட்டுத் திரும்பினா அடுத்தவன் நிக்கான்."

"அப்போ வேண்டாம்னு நீயே சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்ல? அஞ்சு கோல் வாங்கிட்டு ஓடிட்டான்னு சொல்லுவாவ. நான் வெலகினா அந்த ரெண்டு பயலுவளையும் சேத்து எடுத்துருவாவ. கம்பெனியே எடுத்துட்டா பழி எம்மேல வராது. அம்புட்டுதான்."

"ராத்திரி ஷிஃப்ட் போட்டுடுவாளேடா."

"போடட்டும். மெஷின் நின்ன எடத்துலதான நிக்கும். தகரம் ஒரு பக்கமாத்தான் வரும்."

டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு ஜகந்நாதன் புறப்பட்டார். பின்வரிசையைச் சரியாகத்தான் எடைபோட்டிருந்தார். அதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மாதுங்கா வரைக்கும் அதே நினைப்போடு நடந்தார்.

தானே வாங்கிய தீர்ப்பைத் தானே போய் மாற்றச் சொல்ல முடியாது. சொன்னால் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் முடிவாகும். அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். மறுவாரம் சங்கரனிடம் போய், அடுத்த வருஷம் கரீம் பாட்சாவைப் பின்னால் இழுத்து நாலாவது பேக்காக நிறுத்த வேண்டும் என்றார். வெளிநாட்டு அணிகளெல்லாம் இப்போது அப்படித்தான் ஆடுகின்றன என்று பேப்பரில் வந்ததையும் சொன்னார். வெளிநாடு என்றதும் சங்கரன் கொஞ்சம் இறங்கி வந்தார்.

கரீம் பாட்சா இறங்கி வரவில்லை. நேராகக் கணக்குப் பிரிவுக்கு வந்து அவர் மேஜை முன்னால் நின்றான்.

"கோல் போடாதேன்னு எந்தக் கம்பெனியிலயாவது சொல்லுவாங்களா சார்?"

"போடாதேன்னு சொல்லலை. போயிட்டுத் திரும்பி வான்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். நீங்க ஆடினவரு. உங்களுக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும். ஒருவனுடைய பாரத்தை இறக்க இன்னொருவனின் காலைக் கட்டியிருக்கிறார். பையன் திரும்பிப் போய்விட்டான்.

அடுத்த மழையில் கம்பெனி அணி ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஆடியது. கோலே விழாத ஆட்டமும் இருந்தது. மற்ற மைதானங்களில் அஞ்சும் ஆறுமாகக் கொட்டிக்கொண்டிருக்க, இவர்கள் ஆடும் நாளில் கூட்டம் மெலிந்தது. "ஸோ கயே க்யா?" என்று, தூங்கிவிட்டீர்களா என்கிற கேலியாக, ஒருவன் கயிற்றுக்கு வெளியிலிருந்து கேட்டான், சிரிப்பு எழுந்தது. ஷாமியானாவில் சங்கரன் கொட்டாவி விட்டார். "என்ன ஓய், மாட்ச் பாக்கறமா, சிராத்தத்துக்கு வந்திருக்கமா?" என்றார். சீசன் பாதியில் கரீம் பாட்சா வேறொரு மில் அணிக்குப் போய்விட்டான். போய்ச் சேர்ந்த முதல் ஆட்டத்தில் மூன்று கோல் போட்டான் என்று கேள்விப்பட்டபோது ஜகந்நாதனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, குற்ற உணர்வாகவும் இருந்தது. அவன் இடத்துக்கு ஒரு சாதுவான பையனை நிறுத்தினார்கள். அணி இரண்டாவதாக வந்தது. லீக்கிலேயே குறைந்த கோல் வாங்கிய அணி என்று தலைமை விருந்தினர் மேடையில் சொன்னார். நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

பரிசளிப்பு முடிந்து ஜனங்கள் கலையும்போது கணேசபாண்டியன் அவரிடம் வந்தான்.

"சங்கரன் சாருகிட்ட சொல்லிட்டேன் சார்வாள். இதோட போதும்னு."

"என்ன சொன்னார்?"

"ஏன்டா, இப்பத்தான நல்லா ஆடுதன்னு கேட்டாரு. அதுக்குத்தான்னேன்."

அவன் சிரிக்கவில்லை, ஆனால் முகம் தெளிந்திருந்தது. பேக்காக ஆடிய இரண்டு பையன்களும் அணியிலேயே இருந்தார்கள். யாரும் அவனை எதற்கும் குறை சொல்லவில்லை. ஜகந்நாதன் அவன் தோளைத் தட்டினார். தட்டிய கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அவ்வளவு தொட்டுப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

அதன் பிறகு அவர்கள் அடிக்கடி பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து ஜகந்நாதன் விக்ரோலி ஸ்டேஷனில் நின்றபோது, வந்து நின்ற வண்டியிலிருந்து இரண்டாம் ஷிஃப்ட்டுக்காரர்களோடு கணேசபாண்டியன் இறங்கினான். கையில் சாப்பாட்டுத் தூக்கு. உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது.

"கால் எப்படி இருக்கு?"

"கெடக்கு சார்வாள். மழைன்னாதான் கொஞ்சம் குத்துது." அவன் ஒதுங்கி நின்றான். "நடுவுல இப்பம் யாரு நிக்கா?"

"ஹைதராபாத் பையன் ஒருத்தன். உயரமா இருக்கான்."

"நல்லா ஆடுதானா?"

ஜகந்நாதன் யோசித்தார். போன ஆட்டத்தில் அந்தப் பையன் நாலு கோல் விட்டிருந்தான். சங்கரன் அன்றைக்கே அவரைக் கூப்பிட்டுக் கேட்டாயிற்று.

"இன்னும் தெரியலை" என்றார். "பின்னாடி நின்னு ரெண்டு மாட்ச் பார்க்கணும்."

கணேசபாண்டியன் தலையசைத்துவிட்டுப் படியேறினான். எதிர்ப் பக்கத்து வண்டி வந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் உட்கார இடமில்லை. ஜகந்நாதன் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதுங்கா வரை நின்றபடியே போனார்.