இரண்டு வருட முன்பணம்

...அப்படிப் பார்த்தால் டான்சோமன் வீடுதான் மலிவு, யோசிக்கவே வேண்டியதில்லை, மாதம் ஆயிரத்து எண்ணூறு, அடென்டா வீடோ இரண்டாயிரத்து நானூறு, இரண்டிலும் இரண்டு படுக்கையறை, டான்சோமனில் ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று, அடென்டாவில் குழாயைத் திறந்தாலும் காற்றுதான்... ட்ரோட்ரோ வண்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்தபடி ஜிஃபா மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். இப்போதிருக்கும் ஒற்றை அறையை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். டான்சோமன்காரர் அக்ரா நகர வழக்கப்படி இரண்டு வருட வாடகையை மொத்தமாகக் கேட்கிறார், அடென்டா அம்மாளுக்கு ஒரு வருடம் போதுமாம். தரகர் லாம்ப்டி காலையில் தேனாகப் பேசினார். "மலிவு வேணும்னா மொத்தமா வெச்சிடுங்கக்கா. ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

ஓடுமா? ஓடத்தான் செய்கிறது, கணவன் செலோம் பெல்ஜியம் போய் நான்கு வருடம் ஓடிவிட்டதே, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதோ வருகிறேன், இதோ வருகிறேன்... இரண்டு அறை பார்க்கச் சொன்னதும் அவன்தான், வந்ததும் தன் அம்மாவையும் கூட வைத்துக்கொள்ளலாமாம். பணம் இருக்கிறது, மருந்துக்கடையில் கால் கடுக்க நின்று சேர்த்தது, ஆனால் அதைக் கொட்டிவிட்டு இரண்டு வருடம் அந்தக் காலி அறையைத் துடைத்துக்கொண்டிருப்பதா, அவன் வராத அறையை... வராத? வரமாட்டான் என்று யார் சொன்னது? ஜிஃபாவுக்குத் தன் மனதைக் கண்டே பயமாக இருந்தது. ஒரு வருடமென்றால் காத்திருக்கலாம், அதற்குத் தெம்பு இருக்கிறது, இரண்டுக்கு இல்லை, அவ்வளவுதான்... இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

நினைத்தபோதே கைப்பேசி அடித்தது, செலோம்தான். இரண்டு வீட்டு விவரத்தையும் காலையிலேயே அவனுக்கு அனுப்பியிருந்தாள். எதைப் பிடிக்கப் போகிறாய் என்று கேட்டான்.

"அடென்டா வீட்டையே பிடிச்சிடலாம்னு இருக்கேன்."

"வாடகை கூடவாச்சே?"

"அங்க தண்ணி நல்லா வருது."

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள், யாரிடம், அடென்டாவிலேயே பிறந்து மஞ்சள் கேனில் தண்ணீர் சுமந்து வளர்ந்தவனிடம்... இப்போது சிரிப்பான், கிண்டல் செய்வான், வெங்காயத்துக்கே அரைமணி நேரம் பேரம் பேசுகிறவன், சும்மா விடமாட்டான் என்று காத்திருந்தாள். சிரித்துவிட்டால் தேவலை போலிருந்தது.

"சரி," என்றான் செலோம், சிரிக்காமல். "ஒரு வருஷத்துக்கே போட்டுடு."

வண்டி நின்றது, பக்கத்து இருக்கைப் பெண்மணி இறங்க வழி கேட்டாள், ஜிஃபா காலை மடக்கிக்கொண்டாள்... அவனும் வருடங்களைக் கூட்டிப் பார்த்திருக்கிறான்.