ஊமைக் கம்பு

எனக்குப் பொறுமை கிடையாது என்று என் அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் கணவர், அதாவது என் அத்தான், எனக்கு வைத்த பட்டப்பெயர் குண்டூசி. அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தூண்டில் கம்புக்காக ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன் என்றால், கேட்டவர் அத்தான் என்பதால்தான். வேறு யாராவதாக இருந்தால் இரண்டாவது ஞாயிறே வாசலைக் காட்டியிருப்பேன்.

தூண்டில் கம்பு கட்டிக் கொடுப்பது என் தொழில். கடையில் தொங்குகிற கம்பு பிடிக்காமல், தன் கைக்கும் தான் பிடிக்கிற மீனுக்கும் தோதாக ஒன்று வேண்டும் என்கிறவர்கள் என்னிடம் வருவார்கள். கார் நிறுத்தக் கட்டிய அறைதான் பட்டறை. ஒரு சுவர் முழுக்க பிளாங்க்குகள். பிளாங்க் என்றால் வளையம், பிடி எதுவும் ஏறாத வெறும் தண்டு. அடியில் விரல் பருமன், நுனியில் ஈர்க்குச்சி. எதிர்ச்சுவர் ஓரம் தக்கைப் பிடி கடைகிற லேத். பக்கத்தில் டயர் கடை என்பதால் நாள் முழுக்க டமார் டமார் என்று சத்தம். காதை மூடிக்கொள்ள, ஹெட்போன் மாதிரி இருக்கும் காதடைப்பான் இரண்டு ஆணியில் எப்போதும் தொங்கும்.

அத்தான் பல் டாக்டர். தூண்டில் போடப் பழகியதற்கே அவர் சொல்லும் காரணம் பல்தான். "பல்லுக்குள்ள எட்டிப் பார்க்க முடியாது குண்டூசி. கம்பி நுனி கைக்கு என்ன சொல்லுதோ அதைத்தான் கேட்டுக்கணும். தண்ணிக்குள்ளயும் அதே கதைதான்" என்பார். ஏழு வருடங்களாக நான் கட்டிக் கொடுத்த கம்பைத்தான் வைத்திருந்தார். திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

"இது ஊமையாப் போச்சு. முன்னெல்லாம் மீன் வந்து மோந்து பார்த்தாலே தெரியும். இப்ப கவ்விக்கிட்டு ஓடின பிறகுதான் எனக்கே தெரியுது. புதுசு ஒண்ணு கட்டிக் கொடு."

வளையங்களைப் பார்த்தேன், பிடியைத் தட்டிப் பார்த்தேன், விளக்கடியில் பிடித்து விரிசல் தேடினேன். ஒன்றும் இல்லை. ஆனாலும் தண்டைச் செய்திருக்கிற கார்பன் இழை உள்ளுக்குள் நொந்துபோவது உண்டு. கம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும், பிடிக்கிறவரை அல்ல என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். வாடிக்கையாளர் குறை சொன்னால் உடனே நாங்கள் சுவரில் இருக்கிற அடுத்த பிளாங்க்கைப் பார்ப்போம். நானும் பார்த்தேன்.

ஒரு பிளாங்க் எவ்வளவு நன்றாகச் சேதி கொண்டுவரும் என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. வாங்க வந்தவர் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நுனியை நான் என் தொண்டைக்குழியில் ஒட்டிவைத்துப் பேசுவேன். பேச்சின் அதிர்வு தண்டு வழியாக ஓடி அவர் கைக்குப் போகும். காதால் கேட்டுவிட்டுக் கையால் உணர்ந்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, என் பட்டறையில் கண்ணை மூடி, காதடைப்பானும் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் தடவை இதைச் செய்கிற எல்லோருக்கும் சிரிப்பு வரும். நான் பெரும்பாலும் டயர் கடைக்காரரைத் திட்டுவேன். அதிர்வு நன்றாக வரும்.

முதல் ஞாயிறு விறைப்பான கார்பன் பிளாங்க் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். குழந்தை தும்மினால்கூடக் கைக்குத் தெரிகிற ரகம். அத்தான் உதட்டைப் பிதுக்கினார். "ஊமை."

தண்டு உள்ளே கூடானது; அடுத்த வாரம் அந்தக் கூட்டின் சுவர் அதைவிட மெல்லியதாக இருந்த ஒன்று. ஊமை. மூன்றாவது வாரம், குற்றம் பிடியில்தான் என்று முடிவு கட்டினேன். தக்கை தடிமனாக இருந்தால் அதிர்வை விழுங்கிவிடும். ஆகவே தக்கையை நடுவில் வெட்டிவிட்டு, விரல் நேரே தண்டைத் தொடுகிற மாதிரி ஜன்னல் வைத்த ரீல் தாங்கி, அதாவது இழை சுற்றும் உருளையைப் பொருத்துகிற பிடி, ஒன்றை வரவழைத்தேன். வெறும் தோல், வெறும் கார்பன், நடுவில் எதுவும் இல்லை. அதுவும் ஊமை.

"உங்களுக்குப் பேசுற கம்பு வேணும்னா அக்காவையே வளைச்சு எடுத்துட்டுப் போங்க" என்றேன். வழக்கமாக இதற்குப் பத்து நிமிடம் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. வலது கையை உதறிக்கொண்டே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது ஞாயிறு தண்டின் முதுகைத் தேடச் சொன்னேன். எந்தத் தண்டுக்கும் ஒரு பக்கம் விறைப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதுதான் முதுகு. அடியைத் தரையில் ஊன்றி, லேசாக வளைத்து விரல்களால் உருட்டினால், ஓரிடத்தில் தண்டு சட்டென்று துள்ளித் திரும்பிக்கொள்ளும். வளையங்களை அதைப் பார்த்துத்தான் வைப்பேன். அந்தத் துள்ளலைத் தேடவே வேண்டாம், விரலில் உதைக்கும். அத்தான் உருட்டினார். துள்ளியது. எனக்குக் கண்ணுக்கே தெரிந்தது. அவர் தொடர்ந்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எங்க உதைக்குது?" என்றார்.

அவர் கவனம் வேறெங்கோ இருக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவு பார்த்தும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. அவர் போன பிறகு புதிய விலைப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, இதைவிட நல்ல பிளாங்க் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபமெல்லாம் கார்பன்மேல்தான்.

ஐந்தாவது ஞாயிறு எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. அத்தான்தான் புதன்கிழமை வேர் சிகிச்சை செய்வதாக நேரம் கொடுத்திருந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே புதிதாக வந்த பிளாங்க்கை நீட்டினேன். அவர் கண்ணை மூடி, காதை அடைத்து, அடியைப் பிடித்துக்கொண்டார். நான் நுனியைத் தொண்டையில் வைத்தேன். பேச வாயெடுத்தபோது பல் சுரீர் என்றது. பேசவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன்.

"ஆங்! வருது, வருது!" என்று அத்தான் கத்தினார். காது அடைத்திருப்பவர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். "இது பரவாயில்ல குண்டூசி! இதையே கட்டிடு!"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஐந்து வாரம் என்னை வறுத்தெடுத்துவிட்டு, இப்போது போனால் போகிறது என்று சமாளிக்கிறாரா? காதடைப்பானைப் பிடுங்கித் திட்டலாம் என்று கை போனது. அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடி, நெற்றி சுருங்க, கேள்வித்தாள் முன்னால் உட்கார்ந்த பையன் மாதிரி இருந்தார். இவர் ஏமாற்றவில்லை, ஊகிக்கிறார். கோபம் இறங்கியது. அந்த இடத்தில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் வலது கையிலிருந்து தண்டை எடுத்து இடது கையில் வைத்தேன். மறுபடி நுனியைத் தொண்டையில் வைத்து, பல்லைக் கடிக்காமல், மெல்ல ஒரே ஒரு சொல் சொன்னேன். "அத்தான்."

தண்டு அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. கண்ணைத் திறந்தார். காதடைப்பானைக் கழற்றினார்.

"இது எந்தக் கம்பு?"

"அதே கம்புதான்."

"இல்ல, வேற எதையோ மாத்திட்டே."

"கையைத்தான் மாத்தினேன்."

டயர் கடையில் யாரோ ரிம்மைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் தண்டை மறுபடி வலது கைக்கு மாற்றினார், இடதுக்கு மாற்றினார், வலதுக்கு மாற்றினார்.

"நரம்புலதான் கோளாறு அத்தான்" என்றேன்.

அவர் தண்டை மேலும் கீழும் பார்த்தார். நாங்கள் எல்லோரும் தூண்டில் இழையை நரம்பு என்றுதான் சொல்லுவோம். "இதுல இன்னும் நரம்பே போடலையே" என்றார்.

"கம்புல இல்ல."

சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்றிருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

"கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்" என்றார். "காலையில எழுந்தா மரத்திருக்கும். உதறினாப் போயிடும். வயசுன்னு நினைச்சேன். கையுறைன்னு நினைச்சேன். அப்புறம்... கம்புன்னு நினைச்சேன்."

"எத்தனை நாளா?"

"ஏழெட்டு மாசம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஒரு பொண்ணு வந்துச்சு. கம்பி பல்லுல இருக்கா, ஈறுல இருக்கான்னு எனக்குத் தெரியல. கண்ணாலதான் பார்த்தேன். ரத்தம் வந்த பிறகு." நிறுத்தினார். "உங்க அக்காகிட்ட சொல்லிடாதே. இந்தக் கையை நம்பித்தான் கிளினிக்கே ஓடுது. வெளியே தெரிஞ்சா யாரு வாயைத் திறப்பாங்க?"

எனக்கு அவரைப் பார்க்க அவ்வளவு பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அது என் பிறவிக் கோளாறு.

"புதன்கிழமை நான் உங்ககிட்ட வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன். "ஏன்னு அக்கா கேட்பா. அவகிட்ட வாயைத் திறப்பேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா நல்லது."

என்னை முறைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். போகும்போது பழைய கம்பை எடுத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்காவே போன் செய்து அழுதாள், பிறகு என்னைத் திட்டினாள், பிறகு நன்றி சொன்னாள், மூன்றையும் ஒரே மூச்சில். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். கத்தி வைத்துத்தான் விடுவிக்க வேண்டுமாம். உணர்ச்சி முழுசாகத் திரும்புமா என்று கை டாக்டர் உறுதி சொல்லவில்லை. நாள் கடத்திவிட்டீர்கள், பார்க்கலாம் என்றிருக்கிறார். கிளினிக்கை அத்தானின் நண்பர் ஒருவர் பார்த்துக்கொண்டார். என் பல்லுக்கும் அவர்தான் தற்காலிகமாக ஏதோ பூசி அடைத்துவிட்டார். மீதியை அத்தான் கையால்தான் செய்துகொள்வேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அது வீம்பா வேண்டுதலா என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்து மாதம் அவர் பட்டறைப் பக்கமே வரவில்லை. நான் பிளாங்க்குகளை ஒவ்வொன்றாகச் சுவருக்குத் திருப்பி அனுப்பினேன். முதல் ஞாயிறு அவர் ஊமை என்று தள்ளியதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம், அது பதிவாகிவிட்டது என்று சொன்னேன்.

ஆறாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானும் அக்காவும் வந்தார்கள். மணிக்கட்டில் வெளுத்த கோடு ஒன்று. நான் நலம்கூட விசாரிக்கவில்லை. காதடைப்பானை நீட்டினேன். அவரும் வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். அந்த முதல் பிளாங்க்கின் அடியை அவர் வலது கையில் வைத்தேன். நுனி என் தொண்டையில். அக்கா லேத் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் பேசவில்லை. வேண்டுமென்றேதான். அவர் "வருது" என்று சொல்லிவிடக் கூடாதே. பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன்.

"ஒண்ணும் வரலையே!" என்று கத்தினார். குரலில் பயம் இருந்தது. ஆனால் அது உண்மை. பொய்யாக ஒன்றும் வரவில்லை.

இப்போது பேச வேண்டும். என்னென்னவோ வசவு தயாராக வைத்திருந்தேன். ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

அத்தானின் நெற்றி சுருங்கியது. விரல்கள் தண்டின்மேல் மெல்ல நகர்ந்து, ஓரிடத்தில் நின்றன.

"இரு, இரு. இப்ப ஏதோ வருது. பேச்சு இல்ல இது. விட்டு விட்டு வருது." கண்ணைத் திறக்காமலே தலையைச் சாய்த்தார். "ஏய் குண்டூசி, அழுறியா?"

தெருவுக்கே கேட்டிருக்கும். டயர் கடைக்காரர் சுத்தியலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.