மாதங்கிக்கு எழுதிய வசனம்

கணினி விளையாட்டுகளுக்கு வசனம் எழுதுவது நேசமலரின் வேலை. அப்போது எழுதியது, கனடாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கொழும்பில் செய்த ஒரு விளையாட்டுக்கு. அவள் படைத்த கதாநாயகி மாதங்கி, கல்வெட்டு ஆய்வில் கலாநிதிப் பட்டம் பெற்றவள். காலத்தைத் தாண்டி ஆயிரம் வருஷம் பின்னால் போகிறவள். மாதங்கிக்கு ஏழு மொழி தெரியும். எழுதியவளுக்கோ ஓர் உண்மையைச் சொல்ல ஒரு மொழியிலும் வாய் வரவில்லை.

வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த 2008ஆம் ஆண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் நேசமலரும் இராமலெட்சுமியும் ஓர் அறையில் இருந்தார்கள். இராமலெட்சுமி மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பெண். காலி வீதியில் புடவைக் கடையில் வேலை. அறை நேசமலரின் பெயரில் இருந்ததால், கொழும்பில் தங்கும் தமிழர் கொடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுப் படிவத்தில் தோழியின் பெயரையும் அவள்தான் எழுத வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தாள். இன்னொருத்திக்காகப் பொலிஸ் நிலையத்தில் போய்ப் பதில் சொல்லப் பயம், அவ்வளவுதான். ஒருநாள் சோதனைக்கு வந்த பொலிஸார் முற்றத்தில் நின்ற இராமலெட்சுமியைக் காட்டி, இவளைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னாள் நேசமலர். அப்போது இராமலெட்சுமி நேசமலரின் உடுப்பையும் சேர்த்துத்தான் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

பதிவில் பெயர் இல்லை என்று பிடித்துப் போனவளை, கடை முதலாளி போய்ப் பேசியதில் இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். வந்தவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள். அதை வாங்கிக் குடித்ததை நினைத்தால் நேசமலருக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

வாயால் மன்னிப்புக் கேட்க வக்கில்லாதவள் அதை விளையாட்டுக்குள் எழுதினாள். மாதங்கியின் தோழி, தண்ணீர் சுமக்கிறவள், அரண்மனை வாசலில் பிடிபடுகிறாள். இவளைத் தெரியுமா என்கிறான் காவலன். ‘தெரியாது’ என்பதை அழுத்தினால் காலம் பின்னோக்கிச் சுழன்று அதே வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். ‘தெரியும்’ என்று சொன்ன பிறகுதான் அந்தப் படித்தவளுக்கு மனுஷத்தனம் வரும்.

அவள் திரும்பி வந்து மூன்று கிழமை கழித்து, ஞாயிறு காலை, இராமலெட்சுமியைக் கூப்பிட்டு விளையாட வைத்தாள். வாசல் வந்ததும் இராமலெட்சுமி ‘தெரியாது’ என்பதை அழுத்தினாள். காலம் சுழன்றது. மறுபடியும் அதுவே. மூன்றாம் முறையும் அதுவே.

“மற்றதை அமத்தும்,” என்றாள் நேசமலர்.

“வேணாங்க்கா. அந்தம்மா படிச்சவங்க. அவங்களையும் புடிச்சிட்டுப் போயிருவாங்க. உள்ள எப்புடி இருக்கும்னு அவங்களுக்கு என்னா தெரியும்.”

நேசமலருக்கு முகம் எரிந்தது. “அண்டைக்கு உம்மைத் தெரியும் எண்டு நான் சொல்லியிருக்க வேணும். பயத்தில சொல்லேல்லை. அதைத்தான் இதில எழுதினனான்.”

“புரியுதுக்கா.” இராமலெட்சுமி கணினியை விட்டுத் திரும்பினாள். “அது போவட்டும். பதிவுல எம்பேர எழுதிட்டீங்களா? மறுபடியும் வருவாங்கல்ல.”

மூன்று கிழமையாக மாதங்கிக்கு ஓயாமல் எழுதிய நேசமலர், அந்த ஒரு பெயரை இன்னும் எழுதவில்லை.