பூட்டிய முட்டியோடு விழுப்புரம் வரை

இருதயமேரியின் வலது முட்டிக்கு மானம், மரியாதை கிடையாது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அண்டா தேய்த்துவிட்டு எழுந்திருப்பாள். பாதி மடங்கிய நிலையில் முட்டி அப்படியே நின்றுவிடும். நீட்டவும் முடியாது, ஊன்றவும் முடியாது. கூட வேலை செய்கிற ரோஜா கைத்தாங்கலாகப் பிடித்து ஆட்டோவில் ஏற்றுவாள். ஆட்டோ ஏதாவது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். முட்டிக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கால் சமர்த்தாக நீண்டுகொள்ளும். ஆஸ்பத்திரி வாசலில் அவள் தன் காலாலேயே இறங்கி நடப்பாள், திருடி மாதிரி.

திண்டிவனத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் பளிச்சென்று இருந்தது. “உடம்பைக் குறைங்க” என்றார் அங்கிருந்த டாக்டர். இருதயமேரியிடம் குறைப்பதற்கு உடம்பே கிடையாது. வீட்டுக்காரர் தேவசகாயம் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், நல்ல மனுஷன்தான். ஆனால் கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டார். அவள் முட்டி பூட்டிக்கொள்வதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. நம்பாததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. “வேலைக்குப் போவ சோம்பல்பட்டுக்கினு ஆக்ட் குடுக்கிறா” என்று அண்ணன் வீடுவரை சொல்லி வைத்திருந்தார். அது காதுக்கு வந்த நாளில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் விழுப்புரத்தில் காப்பீட்டு அட்டைக்கு வைத்தியம் பார்க்கிற எலும்பு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இருவரும் போனார்கள். அங்கே ஒரு இளம் டாக்டர் முட்டியை மடக்கினார், திருகினார், அழுத்தினார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

“தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல பிறை மாதிரி ரெண்டு ஜவ்வு இருக்கும்மா. மெத்தை மாதிரி எடையைத் தாங்கும். அது கிழிஞ்சு மடங்கி உள்ள மாட்டிக்கிச்சுன்னா, கதவுக்கு அடியில கால்மிதி சுருண்டுக்கிற மாதிரிதான். கால் நீளாது. எக்ஸ்ரேல எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது.”

அவர் காலில் விழலாம் போல இருந்தது அவளுக்கு. இத்தனை நாளும் அவள் வாயால் சொல்லத் தெரியாமல் தவித்தது இதுதான். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

“இப்ப நல்லா நீளுதே. காப்பீட்டுல ஸ்கேன் எழுதணும்னா, பூட்டிக்கிட்டதை நான் பார்த்தாகணும். அடுத்த தடவை பூட்டினா அப்படியே வந்துடுங்க.”

அப்படியே! திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு. வழியில் எத்தனை வேகத்தடை, எத்தனை பள்ளம் என்று அவருக்கு என்ன தெரியும்? காரில் வந்து காரில் போகிறவர்.

திரும்பி வரும்போது தேவசகாயம் சொன்னார்: “இன்னும் ஒரே ஒரு தபா கூட வர்றேன் மேரி. அப்பவும் ஒண்ணும் இல்லேன்னாங்கன்னா, முட்டிப் பேச்சையே ஊட்ல எடுக்கக்கூடாது. தினம் இதே பேஜாரா போச்சு.”

அதிலிருந்து அவள் முட்டி பூட்டுவதற்காகவே காத்திருந்தாள். பாழாய்ப்போனது, காத்திருக்கும்போது பூட்டவே இல்லை. அண்டா தேய்த்தாள், அரிசி களைந்தாள், வேண்டுமென்றே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்று ஒரு கீரைக்கட்டை எடுக்கக் குனிந்தபோது மாட்டிக்கொண்டது.

“ரோஜா, பூட்டிக்கிச்சுடி!” என்று கத்தினாள். உயிர் போகிற வலி. குரலில் மட்டும் சந்தோஷம்.

தேவசகாயம் வேலையைப் போட்டுவிட்டு, சிமெண்ட் படிந்த சட்டையோடு வந்தார். அவர் வந்தபோதும் முட்டி பூட்டியே இருந்தது. தொட்டுப் பார்த்தார். மெதுவாக நீட்டப் போனார்.

“தொடாதய்யா!” என்று அலறினாள். “நீட்டிட்டீன்னா நான் பொய் சொன்னவளா ஆயிடுவேன்.”

ஆட்டோவை நம்பாமல் பஸ்ஸில் ஏறினார்கள். ரோஜா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றிவிட்டு ரோஜா இறங்கிக்கொண்டாள். சக்கரத்துக்கு மேலே வேண்டாம், நடுவில்தான் உட்காருவேன் என்று அவள் அடம்பிடித்தாள். மடங்கிய காலை அவர் மடியில் வைத்து, “கெட்டியா புடிச்சுக்கோ, ஆடக்கூடாது” என்றாள். கல்யாணமானதிலிருந்து அவரை இவ்வளவு அதிகாரம் பண்ணியதில்லை. அவர் இரண்டு கையாலும் முட்டியைப் பொத்திக்கொண்டார்.

எதிர் சீட்டுக்காரம்மா விடவில்லை. “சுளுக்காம்மா? எங்க கண்டமங்கலத்துல இதுக்கு ஒரே இழுப்புதான். நீட்டு, நான் பார்க்கிறேன்.”

“வாணாம்க்கா.”

“வலி உடனே போயிடும்மா.”

“போவக்கூடாதுன்னுதான்க்கா இப்படிப் போய்க்கினு இருக்கேன்!”

அந்தம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் தடதடவென்று குலுங்கியபோது இருதயமேரி கண்ணை மூடிக்கொண்டாள். மாதாவே, குணமாக்கிடாதே. இப்படி ஒரு வேண்டுதலை மாதா கேட்டிருக்கவே மாட்டாள். பஸ் ஒழுங்கான ரோட்டுக்கு வந்தது. முட்டி அசையவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ மாட்டு வண்டி வேகத்தில் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் தேவசகாயம் அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு படியேறினார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். வந்து சேர்ந்தாயிற்று. இன்னும் ஒரு கதவு, அதற்குப் பிறகு டாக்டர்.

“படுக்க வைங்க சார்,” என்று அட்டெண்டர் ஓடிவந்தார். தேவசகாயம் முட்டிக்கு அடியில் கையைக் கொடுத்தபடி அவளைக் கட்டிலில் இறக்கினார். “காலை இப்படி வெச்சா கஷ்டம்மா,” என்று அட்டெண்டர் குதிகாலைப் பிடித்து லேசாக ஒரு இழு இழுத்தார்.

டொக்.

கால் நீண்டு கட்டிலில் படுத்துக்கொண்டது.

“யோவ்!” என்று அவள் போட்ட சத்தத்தில் வராண்டாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “யாருய்யா உன்னை இழுக்கச் சொன்னது? திண்டிவனத்துலேர்ந்து பொத்திப் பொத்தி எடுத்தாந்தேனே!”

“நல்லதுதானம்மா பண்ணேன்,” என்றார் அட்டெண்டர். நல்லதுதான் பண்ணினார்.

டாக்டர் வந்தார். முட்டியை மடக்கினார், நீட்டினார். “நல்லா நீளுதேம்மா,” என்றார், போன மாதம் சொன்ன அதே குரலில்.

“இப்ப வரைக்கும் பூட்டிக்கினுதான் சார் இருந்துச்சு. உள்பக்கமா மாட்டிக்கினு இருந்துச்சு. இவரு இழுத்தாரு, டொக்குன்னு உட்டுடுச்சு.”

“சரிம்மா. மாத்திரை எழுதறேன், பார்ப்போம்.”

ஆத்திரத்தில் கண்ணீர் வருவதுதான் அவளுக்குப் பிடிக்காத சங்கதி, வந்துவிட்டது. அப்போது தேவசகாயம் தொண்டையைச் செருமினார். வெள்ளைக்கோட்டைக் கண்டால் வாயே திறக்காத மனுஷன்.

“சார், நெசந்தாங்க. நான் கையில புடிச்சுக்கினே வந்தேன். உள்பக்கமா மாட்டிக்கினு இருந்துச்சு. இவரு இழுத்தாரு, டொக்குன்னு என் கையிலயே தட்டுச்சுங்க.”

டாக்டர் நிமிர்ந்தார். “நீங்களே பார்த்தீங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப சரி. முதல்லயே சொல்லியிருக்கலாமே,” என்று சொல்லி, பேனாவை எடுத்து ஸ்கேன் சீட்டை எழுதினார்.

இருதயமேரி டாக்டரைப் பார்த்தாள், வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவள் சொன்ன அதே வார்த்தை. உள்பக்கம், மாட்டிக்கினு, டொக்கு. ஒன்றுகூட மாறவில்லை. எத்தனை மாதமாக எத்தனை வாசலில் சொல்லியிருப்பாள்! ஸ்கேன் கிடைத்துவிட்டது, நியாயமாகச் சந்தோஷப்பட வேண்டும். வயிறு எரிந்தது.

“எனக்குள்ள பூட்டினதை நான் பார்க்கலியா சார்?” என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. “அதான் எழுதிட்டேனேம்மா,” என்று சீட்டைத் தேவசகாயத்திடம் நீட்டினார். அவர் அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் பெருமையாக அவளைப் பார்த்தார்.

“அழுவாத மேரி. நான்தான் சொல்லிட்டேன் இல்ல?”

அவர் தாங்கலாக நீட்டிய கையைத் தட்டிவிட்டு, வலது காலை முதலில் ஊன்றி, அவளே கட்டிலைவிட்டு இறங்கினாள்.

“இங்க குடுய்யா அதை,” என்றாள். “கால் என்னுது.”

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஸ்கேன் அறை எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்காமல் நொண்டி நொண்டி நடந்தாள்.