சீனா சிவப்பு, வியட்நாம் நீலம்

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் பீட்டர்ராஜ் நான்காவது முறையாக மரக்கடைக்கு வந்து, மரத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். போடி கடைவீதியில் வைகுண்டராஜின் கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் அப்படித்தான். பைபிள் வசனக் காலண்டருக்குப் பக்கத்தில், வைகுண்டராஜின் மகன் செல்வின் வரைந்த படம் லேமினேட் செய்யப்பட்டுத் தொங்கியது. சீனாவும் வியட்நாமும் பத்து ஆண்டுகளில் எவ்வளவு மதிப்புக்குக் கடின மரம் இறக்குமதி செய்தன என்ற ஒப்பீடு. சீனா சிவப்பு, வியட்நாம் நீலம். இரண்டு கோடுகளும் தனித்தனியாக ஏறி இறங்கிப் போய், கடைசி ஆண்டில் கைகோத்துக் கிணற்றில் குதித்த மாதிரி ஒன்றாக விழுந்திருந்தன.

செல்வின் தேனியில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறான். பேராசிரியர் கோடுகள் தெளிவாக இருப்பதாகச் சொல்லி நல்ல மதிப்பெண் போட்டார். ஏன் விழுந்தன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உலக மந்தநிலை என்று சொல்ல இவன் தயாராக இருந்தான். அப்பா மட்டும்தான் கேட்டார். பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். பெரிய ஆட்கள் இரண்டு பேரும் வாங்காவிட்டால் மரம் தேங்கும், தேங்கினால் தூத்துக்குடியில் மலிவாக வந்து இறங்கும். முப்பது வருடம் நேர்மையாகக் கடை நடத்தியவர். விலை விழப்போவது தெரிந்தும் ஒருவர் தலையில் மரத்தைக் கட்டுவாரா? வந்தவர்களையெல்லாம் தை வரை பொறுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். இரண்டு மாதமாக அறுவை மிஷினில் சத்தமே இல்லை.

முந்தாநாள்தான் செல்வின் கண்டுபிடித்தான். கடைசி ஆண்டுக்கு, அவன் கணக்கெடுத்த இணையதளத்தில் இருந்தது ஏப்ரல் வரைக்குமான கணக்கு. நான்கு மாதத்தைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தான். சீனாவும் விழவில்லை, வியட்நாமும் விழவில்லை. மார்க்கையன்கோட்டையில் பீட்டர்ராஜின் வீடுதான் எழும்பவில்லை. ஆவணியிலேயே வாசலுக்குத் தேக்கு நிலை வைத்திருக்க வேண்டும். நிலை வைக்காமல் கொத்தனார் சுவரை ஏற்றமாட்டார். இடுப்பளவுச் சுவருக்குள் மழைத்தண்ணீர் நின்றது. பீட்டர்ராஜின் மகள் ஷெரினுக்குத் தை கடைசியில் கல்யாணம்.

"மொதலாளி, ஃபாதர் கேட்டாக, நெலைய மந்திரிக்க எப்ப வரணும்னு. கொத்தனாரு வேற கட்டப்பனைக்கு வேலைக்குப் போறேன்னு நிக்கிறாரு."

"இம்புட்டு நாள் பொறுத்தாச்சு பீட்டரு. கடைசில போயி ஏமாறலாமா? படத்தப் பாரும்."

செல்வின் குறுக்கே வந்தான். "அப்பா, அந்தக் கோடு தப்புப்பா. கடைசி வருசத்துக்கு நாலு மாசக் கணக்குதான் போட்டிருக்கேன்."

வைகுண்டராஜ் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படத்தின் அருகே போனார். செல்வின் அடிக்குத் தயாரானான். அடி விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"ஏலே, நாலே மாசத்துலயா இம்புட்டு எறங்கிருக்கு?"

"அய்யோ, அது எறங்கலப்பா..."

"கேட்டீரா பீட்டரு? நாலு மாசத்துக்கே இப்படின்னா, வருசம் முடியயில என்னாகும்?"

பீட்டர்ராஜின் முகம் மெல்ல மலர்ந்தது. செல்வினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நல்ல வேள சொன்னீக தம்பி. இன்னைக்கு அட்வான்ஸ் குடுத்துரலாம்னுல்ல வந்தேன்."

"அண்ணாச்சி, குடுத்துருங்க. இன்னைக்கே மரத்த எடுத்துட்டுப் போயிருங்க. ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

பீட்டர்ராஜ் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீகளா மொதலாளி! கடைக்காரக வீட்டுப் புள்ளைல்ல, அதான் தலையில கட்டப் பாக்குறாக."

வைகுண்டராஜும் சிரித்தார், கொஞ்சம் வெட்கத்தோடு. பிறகு மரத்தில் அளவு எழுதும் நீலச் சாக்பீஸை எடுத்து, படத்தின் ஓரத்தில் வியட்நாம் முடிந்த இடத்தில் வைத்து, கோட்டைச் சுவரிலேயே நீட்டினார். அது ஸ்விட்ச் போர்டைத் தாண்டிச் சரிந்து இறங்கியது. பீட்டர்ராஜ் பெஞ்சை இழுத்து வழிவிட்டார். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வைகுண்டராஜ் வேட்டியை ஒதுக்கி, முழங்காலிட்டு, இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். தரைக்கு ஒரு சாண் மிச்சமிருந்தது.