இது ஸ்ட்ரைக் பண்ணாது

ஊர் கண் விழித்துக் கைப்பேசியைத் தேடுவது காலை ஆறு மணிக்கு. அதற்குள் அன்றைய செய்திகளில் எது சூடாக இருக்கிறது என்று பார்த்து, அதன் வாலில் ஒரு விளம்பரத்தைக் கட்டிப் பதிவாக அனுப்பிவிட வேண்டும். வெள்ளம் என்றால் மோட்டார் பம்பு, காய்ச்சல் என்றால் கொசுவலை. அதற்காக நான்கரை மணிக்கே மூன்று பேர் திரைக்கு முன் உட்கார்ந்துவிடுவார்கள். மூவரில் தலைப்பு எழுதுவது அவள் வேலை. ஆபீசில் அவளுக்குப் பெயரே 'டைட்டில்'. மூன்று வருடத்தில் விரல் நுனி மரத்து, கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல் தங்கிவிட்டது. பதிவைப் பார்ப்பவர் எண்ணிக்கை குறைந்தால் சம்பளமும் குறையும் என்று முதலாளி போன மாதம் சொன்னதிலிருந்து யாரும் தலை நிமிர்வதில்லை.

அன்று அறை நாறியது. குப்பைக்கூடை நான்கு நாளாக வழிந்துகொண்டிருந்தது. குப்பை லாரியின் அமுக்கும் இயந்திரத்தில் ஒரு பெண்ணின் கை நசுங்கிய நாளிலிருந்து, ஊரில் ஒரு துப்புரவுத் தொழிலாளியும் துடைப்பத்தைத் தொடவில்லை.

முதலாளி மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். முகத்தில் மட்டும் சந்தோஷம்.

"இன்னைக்கு இதான் செய்தி. தானா பெருக்குற மெஷின் விளம்பரம் நம்மகிட்ட இருக்கு. 'இது ஸ்ட்ரைக் பண்ணாது.' எப்படி? டைட்டில், இதை இன்னும் நறுக்குன்னு ஆக்கு. அண்ணே, ரோட்டுல உக்காந்திருக்கிற பொம்பளைங்க படத்தைப் போடுங்க."

படம் செய்யும் பெரியவர் அதைத் திரையில் விரித்தார். இடமிருந்து மூன்றாவது, தலையில் துண்டு கட்டி, வாய் திறந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தது டைட்டிலுடைய அம்மா.

ஆபீசில் அம்மாவுக்கு அரசாங்க வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. அதைவிட வெட்கம், முதலாளி சொன்ன வரியைக் கூராக்கி அவள் விரல்கள் பாதி அடித்து முடித்திருந்தன. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

"இதை நான் எழுத மாட்டேன் சார். மூணாவதா இருக்கிறது எங்கம்மா."

முதலாளி படத்தைப் பார்த்தார்.

"சரி, அந்தம்மாவை மட்டும் வெட்டிட்டுப் போடலாம். தீர்ந்துச்சா?"

பெரியவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். "யாரை வெட்டுறது சார்? மிச்சப் பேரும் யாருக்கோ அம்மாதானே."

"நீங்க மூணு பிள்ளை பெத்தவர். யோசிச்சுப் பேசுங்க."

"போன வெள்ளத்துல பம்பு விளம்பரத்துக்கு ஒரு படம் போட்டமே, அதுல கழுத்தளவு தண்ணியில நின்னது என் தங்கச்சி வீட்டுக்காரர். அன்னைக்கு யோசிச்சு யோசிச்சு வாயை மூடிக்கிட்டேன்."

முதலாளி வீடியோ செய்யும் பெண்ணிடம் திரும்பினார். "நீ எழுது. இனி டைட்டில் சீட்டு உனக்குத்தான்."

அந்த நாற்காலிக்கு அந்தப் பெண் ஒரு வருடமாக ஆசைப்பட்டது எல்லாருக்கும் தெரியும். தன் திரையை அணைத்தாள்.

"வேணாம் சார்."

"ஆறு மணிக்குப் போகலைன்னா நாளைக்கு மூணு சீட்லயும் வேற ஆளு. வெளியில எத்தனை பேர் வேலைக்கு நிக்கிறான் தெரியுமா?"

"தெரியும் சார்," என்றாள் டைட்டில். "நாங்களும் அங்க நின்னவங்கதான்."

முதலாளி தன் அறைக் கதவை அறைந்து சாத்தினார். உள்ளே அவர் யார் யாரையோ போனில் எழுப்பும் சத்தம் கேட்டது. மணி ஆறைத் தாண்டியது. பதிவு போகவில்லை. டைட்டில் ஒரு தாளை எடுத்து எழுதினாள்: பிறர் துயரத்தை வைத்து விற்கும் பதிவை மறுக்க எங்களுக்கு உரிமை வேண்டும். பார்ப்பவர் எண்ணிக்கையைக் காட்டிச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

"அக்கா, ரெண்டாவதைக் கொஞ்சம் பெருசா எழுதுங்க," என்றாள் வீடியோக்காரி. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூவரும் கையெழுத்திட்டார்கள்.

முதலாளி தாளை வாங்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்கள். நாளை உள்ளே விடுவார்களா என்பது ஒருவருக்கும் தெரியாது.

பெரிய சாலையில் பெண்கள் காலைக் குளிருக்குத் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். மகளைக் கண்டதும் அம்மாவின் முகம் சுருங்கியது.

"வேலைக்குப் போகலையா?"

"அங்கிருந்துதாம்மா வர்றேன். இவங்க என்கூட வேலை பார்க்கிறவங்க."

அம்மா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

"தள்ளி உக்காருடி. இன்னும் மூணு பேர் இருக்காங்க."